மனங்களை வகுத்தவர்: கார்ல் யுங்கின் வாழ்க்கை

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், 1887ஆம் ஆண்டுக் கோடையின் ஆரம்பத்தில், பாடசாலை விட்டு நண்பனுக்காகக் காத்துநின்ற ஒரு பையனை இன்னொரு பையன் தள்ளிவிட்டான். விழுந்தவனின் தலை நடைபாதைக் கல்லில் மோதியது. மோதிய அந்தக் கணத்திலேயே, இனிப் பாடசாலைக்குப் போகத் தேவையில்லை என்ற எண்ணம் தனக்கு மின்னலாய் வந்துபோனதாக அவர் முதுமையில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு பாடசாலைக்குப் புறப்படும்போதெல்லாம் அவனுக்கு மயக்கம் வந்தது. வீட்டுப்பாடம் செய்யச் சொன்னாலும் வந்தது. ஆறு மாதத்துக்கும் மேலாக வீட்டிலேயே இருந்து, காட்டிலும் நீர்க்கரையிலும் திரிந்தான். வைத்தியர்கள் பார்த்தார்கள், ஒருவர் வலிப்பு நோயாக இருக்கலாம் என்றார்.

ஒருநாள் வீட்டுக்கு வந்த நண்பரிடம் தந்தை பேசிக்கொண்டிருந்தது, தோட்டத்தில் புதர் மறைவில் நின்ற பையனின் காதில் விழுந்தது. கையிலிருந்த சொற்பமும் செலவாகிவிட்டது, பிள்ளை பிழைப்புக்கு என்ன செய்யப்போகிறானோ என்று அந்த ஏழைப் பாதிரியார் வருந்திக்கொண்டிருந்தார். பையன் நேரே உள்ளே போய் இலத்தீன் இலக்கணப் புத்தகத்தை எடுத்தான். பத்து நிமிடத்தில் மயக்கம் வந்து நாற்காலியிலிருந்து சரிந்தான். எழுந்து மீண்டும் படித்தான். மீண்டும் வந்தது. மூன்றாம் முறையும் வந்தது. பிறகு வரவில்லை. சில வாரங்களில் பாடசாலைக்குத் திரும்பினான்.

அந்தப் பையன்தான் கார்ல் குஸ்தாவ் யுங். அகமுகி, புறமுகி என்று இன்று நம் பிள்ளைகள் கைபேசியைப் பார்த்துத் தங்களுக்கே சூட்டிக்கொள்ளும் பெயர்களை உலகுக்குப் பரப்பியவர் அவர். கல்லூரியில் உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியை என்ற முறையில் அவரைப் பற்றி எழுத எனக்கு நெடுநாள் ஆசை. திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி வரும் மாணவிகள் வெலிமடையிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வலி பொய்யல்ல. யுங்கின் மயக்கமும் பொய்யல்ல. பயந்த மனம் உடம்பின் வழியாக ஒரு விடுமுறைக் கடிதம் எழுதுகிறது, அவ்வளவுதான். பிள்ளை நடிக்கிறாள் என்று சொல்லும் பெற்றோருக்கு இந்தக் கதையை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

யுங் பிறந்தது 1875 ஜூலை 26இல், கொன்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலுள்ள கெஸ்வில் என்ற கிராமத்தில். அவருக்கு மூன்று வயதாக இருந்தபோது தாய் பல மாதங்கள் வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தது. தந்தை அன்பானவர், ஆனால் தம் தொழிலில் மனம் ஒன்றாதவர். கிராமத்துப் பையனாகச் சப்பாத்தில் ஓட்டையுடன் பாசல் நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போய், பணக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் அமர்ந்தபோதுதான் தன் வீட்டின் வறுமை அவருக்குத் தெரிந்தது.

அங்கே நடந்த ஒரு சம்பவம் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டுப்போகவில்லை. மொழிப்பாட ஆசிரியர் கட்டுரைகளைத் திறமை வரிசையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வந்தார். யுங்கின் கட்டுரை கடைசியாக வந்தது. எல்லாவற்றிலும் சிறந்தது இதுதான், ஆனால் இது களவு, எங்கிருந்து பார்த்து எழுதினாய் என்று ஆசிரியர் கேட்டார். தானே எழுதியது என்று பையன் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. சாதாரண மாணவன் என்று அவனைப் பற்றி முன்னமே ஒரு முடிவு எடுத்திருந்தார். அந்த முடிவுக்குள் இந்தக் கட்டுரை அடங்கவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்தும் அந்த வகுப்பறையை யுங் மறக்கவில்லை என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் கவனிக்க வேண்டும்.

1895இல் பாசல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். மறு ஆண்டுத் தொடக்கத்தில் தந்தை காலமானார். உறவினரிடம் கடன் வாங்கிப் படித்து முடித்தவர், எல்லோரும் எதிர்பார்த்த பொது மருத்துவத்தை விட்டுவிட்டு உளநோய் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். அக்காலத்தில் அது மதிப்பில்லாத துறை. வைத்தியரும் நோயாளியும் ஒரே மதிலுக்குள் அடைபட்டுக் கிடப்பார்கள். 1900ஆம் ஆண்டு டிசம்பரில் சூரிச் நகரின் பேர்கோல்ஸ்லி உளநோய் வைத்தியசாலையில் பேராசிரியர் ஓய்கன் புளொய்லரின் கீழ் வேலைக்குச் சேர்ந்தார். 1903இல் எம்மா ரவுஷன்பாக் என்ற செல்வந்தர் வீட்டுப் பெண்ணை மணந்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்தனர்.

ஆளுமையை அளப்பது என்ற வேலையில் யுங் உண்மையாகவே கைவைத்தது பேர்கோல்ஸ்லியில்தான். கருவி மிக எளியது: நூறு சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், ஒரு நிறுத்தற் கடிகாரம், ஒரு பென்சில். தலை, பச்சை, தண்ணீர், கப்பல், யன்னல் என்று சோதிப்பவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுவார். கேட்பவர் மனதில் முதலில் தோன்றும் ஒரு சொல்லை உடனே சொல்ல வேண்டும். எடுத்த நேரத்தைக் கடிகாரம் ஐந்தில் ஒரு விநாடிவரை காட்டும். பட்டியல் முடிந்ததும் மறுபடி தொடங்கி, முன்பு சொன்ன விடையையே திரும்பச் சொல்லும்படி கேட்பார்கள்.

இந்தச் சோதனை யுங் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் அவருக்கு முன்பே செய்திருந்தார்கள். முன்னவர்கள் விடைகளைச் சேர்த்தார்கள். யுங்கும் அவருடைய தோழர் பிரான்ஸ் ரிக்ளினும் தடுமாற்றங்களைச் சேர்த்தார்கள். சாதாரணமாக இரண்டு விநாடிக்குள் விடை வந்துவிடும். சில சொற்களில் மட்டும் நேரம் இழுக்கும். அல்லது சிரிப்பு வரும். அல்லது கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். அல்லது இரண்டாம் முறை முதல் விடை மறந்துபோயிருக்கும். அத்தகைய சொற்களை மட்டும் பொறுக்கி வரிசையாக வைத்தால் ஒரு கதையின் எலும்புக்கூடு தெரியும். மனதுக்குள் உணர்ச்சியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் அந்த எண்ணக் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயரைத்தான் நாம் உளச்சிக்கல் என்கிறோம். தாழ்வுச்சிக்கல் என்று இன்று சர்வசாதாரணமாகப் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கும் இதுதான் வழிவிட்டது.

இதை அவர் திருடரைப் பிடிக்கவும் பயன்படுத்தினார். ஒரு வைத்தியசாலையில் பணப்பை திருட்டுப் போயிற்று. மூன்று தாதியர்மீது சந்தேகம். பையிலிருந்த பொருட்களைக் குறிக்கும் சொற்களைப் பொதுவான சொற்களோடு கலந்து மூவரையும் சோதித்தார். ஒருவரிடம் தடுமாற்றம் மிக அதிகமாகத் தெரிந்தது, அவர் ஒப்புக்கொண்டார். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் குற்றமற்றவரும் தன்மீது சந்தேகம் இருக்கிறது என்று அறிந்தாலே தடுமாறுவார். இதே காலத்தில் வியன்னாவில் சிக்மண்ட் பிராய்ட் சட்ட மாணவர்களுக்கு ஆற்றிய விரிவுரையில் இந்த ஆபத்தை எச்சரித்தார். வகுப்பில் ஏதாவது காணாமற்போனால் எந்தப் பிள்ளையின் முகம் வெளிறுகிறது என்று பார்க்கும் பழக்கம் நம்மிடையேயும் உண்டு. முகம் வெளிறுவது பெரும்பாலும் பயந்த பிள்ளைக்குத்தான்.

அதே கருவி ஒரு பெண்ணைக் காப்பாற்றியதையும் சொல்ல வேண்டும். கடுமையான மனச்சோர்வோடு ஓர் இளம் தாய் பேர்கோல்ஸ்லிக்குக் கொண்டுவரப்பட்டார். இன்று மனச்சிதைவு என்று நாம் சொல்லும் நோய் என வைத்தியர்கள் முடிவு செய்தார்கள். அந்நாளில் அந்தப் பெயர் விழுந்தால் வெளியே போவது அரிது. இளையவரான யுங்குக்கு அந்த முடிவில் நம்பிக்கை வரவில்லை. சொற்பட்டியலோடு போய் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணின் கனவுகளையும் கேட்டார். மெல்ல மெல்ல வந்த கதை இது. திருமணத்துக்கு முன் ஒரு செல்வந்தர் வீட்டு இளைஞரை அவர் விரும்பியிருந்தார். அந்த இளைஞருக்குத் தன்னில் நாட்டமில்லை என்று எண்ணி வேறொருவரை மணந்தார். ஐந்து ஆண்டுகளின் பின் வீட்டுக்கு வந்த பழைய நண்பர் ஒருவர், உங்கள் திருமணம் அந்த இளைஞருக்குப் பெரிய அடியாக இருந்தது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். சோர்வு அன்றே தொடங்கியது. சில வாரங்களில், பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கையில், மகள் குளிக்கும் நீர்ப்பஞ்சைச் சப்புவதைப் பார்த்தும் தடுக்காமல் இருந்தார். அந்த ஊரில் குடிக்க ஊற்றுநீர். குளிக்க ஆற்றின் அழுக்குநீர். மகள் நெருப்புக்காய்ச்சலில் இறந்தாள். அவருடைய செல்லப்பிள்ளை அவள்.

இதை அந்தப் பெண்ணிடம் சொல்வதா விடுவதா? அறிந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசமாகலாம். சக வைத்தியர்களிடம் கேட்டால் சொல்லாதே என்பார்கள். யுங் சொன்னார். இரண்டு வாரத்தில் அந்தப் பெண் வீட்டுக்குப் போனார். மீண்டும் வைத்தியசாலைக்கு வரவில்லை. தான் கண்டுபிடித்ததை யுங் அங்கே எவரிடமும் சொல்லவில்லை. வாழ்க்கை அந்தப் பெண்ணைத் தண்டித்தது போதும், வம்புப் பேச்சு வேறு வேண்டாம் என்பது அவருடைய எண்ணம். இதையெல்லாம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, முதுமையில், தம் செயலாளர் அனியெலா யாஃபேயிடம் சொன்னார். வெற்றிக் கதைகள் வயதோடு மெருகேறும் என்பதை நினைவில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். இருந்தாலும் இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நோயின் பெயர் வைத்தியர்களிடம் ஏற்கனவே இருந்தது. கதை எவரிடமும் இருக்கவில்லை. சோதனையை அவர் கதை கேட்கத்தான் பயன்படுத்தினார்.

நான் சொற்பட்டியல் வைத்துச் சோதிப்பதில்லை. அதற்குரிய பயிற்சி எனக்கில்லை. பாடசாலையில் அதற்கு இடமுமில்லை. ஆனால் பிள்ளை எந்த இடத்தில் நின்று விடை சொல்கிறாள் என்று கவனிக்கக் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் படபடவென்று பதில் சொல்லும் ஒரு பிள்ளை, தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிடுவது யார் என்று கேட்டதும் நின்றுவிட்டாள். பிறகு உம்மும்மா என்றாள். உம்மா வெளிநாட்டில் இருப்பது எனக்குத் தெரிந்ததுதான். அன்று மேலே ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது முறை வந்தபோது அவளே பேசினாள். பேசியது என்ன என்பது அவளுக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்.

யுங்கின் மாணவி எம்மா ஃபியூர்ஸ்ட் செய்த ஆய்வொன்றைப் பெற்றோர் அறிய வேண்டும். 24 குடும்பங்களைச் சேர்ந்த 100 பேரிடம் இதே சொற்சோதனையைச் செய்தார். ஒரே குடும்பத்தவர் ஒரே மாதிரி விடை சொன்னார்கள்; அதிலும் தாயும் மகளும் மிக நெருக்கம். குடிகாரக் கணவரோடு வாழ்ந்து நொந்துபோன ஒரு தாயும் அவருடைய 16 வயது மகளும் சொன்ன விடைகளை யுங் தம் விரிவுரையில் எடுத்துக்காட்டினார். அந்தப் பெண்பிள்ளை இன்னும் வாழ்க்கைக்குள் அடியெடுத்து வைக்கவில்லை. ஆனால் அவளுடைய சொற்கள் வாழ்ந்து சலித்த ஒருத்தியின் சொற்களாக இருந்தன. தாயின் கவலையை அவள் சொல்லோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த விரிவுரை நிகழ்ந்தது 1909இல், அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில். பிராய்டும் உடன் போயிருந்தார். இருவரும் முதன்முதல் சந்தித்தது 1907 மார்ச்சில், வியன்னாவில். அன்று 13 மணி நேரம் இடைவிடாமல் பேசினார்கள். பிராய்டு அவரைத் தம் வாரிசாகவே கருதினார். ஆறு ஆண்டுகளில் அந்த உறவு முறிந்தது. முறிந்த விதத்தைப் பற்றிப் புத்தகங்கள் ஏராளம். நான் அதற்குள் போகவில்லை.

ஆனால் ஒரு பெயரைத் தாண்டிப் போக முடியாது. 1904இல் ரஷ்யாவிலிருந்து 18 வயதுச் சபீனா ஸ்பீல்ரைன் பேர்கோல்ஸ்லியில் நோயாளியாகச் சேர்ந்தார். யுங்கின் சிகிச்சையில் தேறினார். சூரிச்சிலேயே மருத்துவம் படித்து வைத்தியரானார். உளவியலில் சொந்தமாகச் சிந்தித்து எழுதினார். இதற்கு இடையில், வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் இருக்க வேண்டிய எல்லையை யுங் காக்கவில்லை. விடயம் வெளியே தெரியவந்தபோது பழியை அந்த இளம்பெண்ணின் பக்கம் தள்ளப் பார்த்தார் என்பதைக் கடிதங்கள் காட்டுகின்றன. உளவளத்துணையில் இன்று நாம் கடைப்பிடிக்கும் ஒழுக்க விதிகள் பலவற்றின் பின்னால் இப்படிப்பட்ட பெண்களின் துயரம் இருக்கிறது. யூதரான ஸ்பீல்ரைனையும் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளையும் 1942இல் ரொஸ்தோவ் நகரில் நாஸிப் படையினர் கொன்றார்கள்.

பிராய்டைப் பிரிந்தபின் யுங் பல ஆண்டுகள் தனிமையில் கழித்தார். அப்போது அவரைக் குடைந்த கேள்வி ஒன்று: ஒரே நோயாளியைப் பிராய்டும் அட்லரும் பார்க்கிறார்கள், இருவரும் கூர்மையானவர்கள், ஆனால் இரண்டு வெவ்வேறு மனிதர்களைப் பார்த்ததுபோல் எழுதுகிறார்களே, ஏன்? பார்க்கிறவர்களின் மனம் வேறு வேறாக அமைந்திருப்பதால் என்பது அவர் கண்ட விடை. 1921இல் உளவியல் வகைகள் என்ற பெரிய நூலாக அது வெளிவந்தது. சிலருடைய மனம் இயல்பாக வெளியே, ஆட்களையும் பொருட்களையும் நோக்கி ஓடும். சிலருடையது உள்ளே திரும்பும். அதோடு சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என்ற நான்கில் ஒன்று ஒவ்வொருவரிடமும் முந்திக்கொள்ளும். அதே ஆண்டில், அதே நாட்டில், ஹேர்மன் றோஷாக் என்ற இளம் வைத்தியர் பத்து மைக்கறை அட்டைகள் கொண்ட தம் சோதனையை வெளியிட்டதும் ஒரு வேடிக்கையான ஒற்றுமை. அவர் மறு ஆண்டே 37 வயதில் இறந்துபோனார்.

கலியாண வீட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வந்தவர் எல்லோரையும் விசாரித்து, பேசப் பேசப் புத்துணர்ச்சி பெறும் மாமி ஒருவர். சமையலறை மூலையில் ஒரே ஒருவரோடு மட்டும் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டால்தான் மூச்சு வரும் சாச்சி ஒருவர். ஒருவருக்கு மற்றவர் திமிர்பிடித்தவராகவோ அலட்டல்காரராகவோ தெரியும். இந்த இருவரையும் சமாதானப்படுத்தத்தான் யுங் எழுதினார். எவரும் முழு அகமுகியோ முழுப் புறமுகியோ அல்லர் என்பதும், வளர வளர நம்மிடம் பின்தங்கிய பக்கமும் வளர வேண்டும் என்பதும் அவருடைய கருத்தில் பாதி. இந்தப் பாதியைத்தான் கைபேசி வினாக்கொத்துகள் விழுங்கிவிட்டன. தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கேட்டபோது, தான் அகமுகி, மேடை தனக்குச் சரிவராது என்று ஒரு மாணவி மருத்துவச் சான்றிதழ் நீட்டுவதுபோல் சொன்னாள். நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. யுங்கும் தன்னை அகமுகி என்றே கருதினார், வாழ்நாள் முழுவதும் மேடையில் பேசினார் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

யுங் நிறையப் பயணம் செய்தவர். 1925ஆம் ஆண்டின் இறுதியில் கிழக்காபிரிக்காவுக்குப் போனார். பயணக்குழுவின் தலைவராக இருந்தவர் இப்ராஹீம் என்ற சோமாலியர். ஸூபி வழியில் வளர்ந்தவர். ஹிழ்ர் (அலை) அவர்களைப் பற்றி அவரிடம் யுங் கேட்டறிந்தார். 1939இல் ஆற்றிய ஓர் உரையில் ஸூரதுல் கஹ்ஃபை விரிவாக எடுத்துக்கொண்டு, மூஸா (அலை) அவர்கள் ஹிழ்ர் (அலை) அவர்களோடு சென்ற பயணத்தைப் பற்றித் தம் நோக்கில் பேசினார். அது உளவியலாளர் ஒருவரின் வாசிப்பு. நம் தப்ஸீர்களோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் ஓட்டை போடப்பட்ட படகையும் தூக்கி நிறுத்தப்பட்ட சுவரையும் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, வெளியே தெரியும் செயலை வைத்து உடனே முடிவெடுப்பதிலுள்ள அபாயத்தை நான் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

1937இன் முடிவில், இந்திய விஞ்ஞான காங்கிரஸின் வெள்ளிவிழாவுக்கான அழைப்பில் இந்தியாவுக்கு வந்தார். பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டங்கள் கொடுத்தன. கல்கத்தாவில் வயிற்றுளைவு வந்து பத்து நாள் வைத்தியசாலையில் கிடந்தார். அங்கிருந்து தெற்கே வந்து, 1938இன் தொடக்கத்தில் இலங்கையையும் பார்த்தார். கண்டியில் தலதா மாளிகையின் மாலைநேர மேளத்தையும், குவியல் குவியலாக மல்லிகைப் பூக் கொண்டுவந்த இளைஞர்களையும் யுவதிகளையும் நெடுநேரம் பார்த்துநின்றதைத் தம் நினைவுகளில் பதிந்திருக்கிறார். நுவரெலியா பஸ்ஸில் ஏறினால் நாம் போய்ச்சேரும் கண்டிதான். உலகப் புகழ்பெற்ற அந்த உயர்ந்த கிழவர் அங்கே கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறார்.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. 1934இல் தம் நூலின் ஸ்பானிய மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் யுங் ஓர் எச்சரிக்கை விடுத்தார். ஆட்களை இன்ன வகை என்று பெயரொட்டிப் பிரிப்பதற்காக இதை எழுதவில்லை, அது விருந்தறையில் ஆடும் சிறுபிள்ளை விளையாட்டு என்ற கருத்துப்பட எழுதினார். அதே 1934இல், அவர் தலைவராக இருந்த உளமருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில், யூதரின் மனம் ஒருவிதம், ஆரியரின் மனம் வேறுவிதம் என்றும், யூதர் தமக்கென ஒரு பண்பாட்டு வடிவத்தைப் படைக்காதவர்கள் என்றும் எழுதினார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது. ஜேர்மன் சங்கத்திலிருந்து விலக்கப்பட்ட யூத வைத்தியர்கள் சர்வதேச சங்கத்தில் தனி உறுப்பினராக இருக்க அவர் வழிசெய்தார் என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வார்கள், அதுவும் உண்மை. ஆனால் ஒரு தனிமனிதனை ஒரு பெட்டிக்குள் அடைக்காதே என்று சொன்ன அதே கை, அதே ஆண்டில் ஒரு முழுச் சமூகத்தையும் ஒரு பெட்டிக்குள் அடைத்தது. அந்தச் சமூகத்துக்கு அடுத்த பத்தாண்டில் நேர்ந்ததை உலகம் அறியும். ஒரு சமூகத்தின் பெயரைச் சொன்னதும் எதிரே நிற்பவரின் முகம் மாறுவதை இந்நாட்டில் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. யுங்கைப் பெரியவர் என்று நான் மதிக்கிறேன். இந்த இடத்தில் மதிக்க முடியவில்லை.

அவருடைய வகைகள் வைத்தியசாலையிலிருந்து அலுவலகத்துக்குப் போன கதை இரண்டு அமெரிக்கப் பெண்களுடையது. கத்தரின் பிரிக்ஸ் என்ற தாய், 1923இல் ஆங்கிலத்தில் வந்த யுங்கின் நூலை வீட்டிலிருந்தே ஆழப் படித்தார். மகள் இசபெல் மையர்ஸ் 1897இல் பிறந்தவர். படித்தது அரசியல் விஞ்ஞானம், எழுதியது துப்பறியும் நாவல். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் கூட்டங்கூட்டமாகத் தொழிற்சாலைகளுக்கு வந்தபோது, யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று அறிய ஒரு வழி வேண்டும் என இசபெல் நினைத்தார். பிலடெல்பியாவில் ஒரு வங்கியின் ஆளணி அதிகாரி எட்வர்ட் ஹேயிடம் சோதனை தயாரிப்பதையும் புள்ளிவிபரத்தையும் பழகினார். யுங்கின் வகைகளோடு இன்னொரு இரட்டையையும் சேர்த்து, 16 வகைகள் தரும் வினாக்கொத்தை உருவாக்கினார். 5,000க்கு மேற்பட்ட மருத்துவ மாணவர்களையும் ஏறத்தாழ 10,000 தாதியர் மாணவிகளையும் அதைக் கொண்டு ஆராய்ந்தார். உளவியல் பட்டமில்லாத ஓர் இல்லத்தரசி என்று நிபுணர்கள் ஏளனம் செய்ததையும் பொறுத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகள் உழைத்தார். அந்த விடாமுயற்சியை நம் மாணவிகள் அறிய வேண்டும்.

ஆனால் முயற்சி பெரியது என்பதால் கருவி சரியாகிவிடாது. இன்று ஒருமுறையும் சில வாரங்கள் கழித்து இன்னொரு முறையும் நிரப்பினால் பலருக்கு வகை மாறிவிடுகிறது. மனிதரில் பெரும்பாலோர் அகமுகிக்கும் புறமுகிக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள். நடுவில் கோடு கிழித்தால் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் இன்று இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம். விடை நமக்கு அப்படியே பொருந்துகிறதே என்று கேட்பார்கள். 1948இல் அமெரிக்க உளவியலாளர் பேட்ரம் ஃபோரர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, எல்லோருக்கும் ஒரே குறிப்பைத் தனித்தனியாக எழுதியதுபோல் கொடுத்தார். சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வசனங்கள் அவை. பொருத்தத்துக்கு மாணவர்கள் இட்ட புள்ளி சராசரியாக ஐந்துக்கு நான்குக்கும் மேல்.

ஊழியர் பயிற்சியில் இத்தகைய வினாக்கொத்துக்கு ஓர் இடம் உண்டு என்பதே என் எண்ணம். ஒரே அலுவலகத்தில் முட்டிக்கொள்ளும் இருவர், ஒருவர் யோசித்துவிட்டுப் பேசுபவர், மற்றவர் பேசிக்கொண்டே யோசிப்பவர் என்று அறிந்தால் சண்டை பாதியாகும். மாமிக்கும் சாச்சிக்கும் யுங் செய்ய நினைத்ததும் அதுதான். ஆட்களைத் தெரிவதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. அந்த வினாக்கொத்தை வெளியிடும் நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நடப்பது வேறு. எங்கள் பழைய மாணவி ஒருத்தி நேர்முகப் பரீட்சைக்குப் போன இடத்தில் கணினியில் ஒரு வினாக்கொத்தை நிரப்பச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் அமைதியான வகை என்று விடை வந்தது. வாடிக்கையாளரோடு பழகும் வேலைக்குப் பொருந்தமாட்டாய் என்று அனுப்பிவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்து மக்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரைப் பெயர் சொல்லி அழைக்கும் பிள்ளை அவள். பரீட்சகர்கள் அவளோடு ஐந்து நிமிடம் பேசியிருந்தால் தெரிந்திருக்கும்.

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு என்று கேட்டு உம்மாவும் வாப்பாவும் என்னிடம் வருகிறார்கள். சிலர் இணையத்தில் எடுத்த நாலெழுத்தை அச்சிட்டே கொண்டு வருகிறார்கள். நான் அதை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் கேட்பேன்: இதில் எந்த வரி உனக்குப் பொருந்தவில்லை? அங்கிருந்துதான் பேச்சுத் தொடங்கும்.

யுங் 1923 முதல் சூரிச் ஏரியின் கிழக்குப் பகுதியில், பொலிங்கன் என்ற இடத்தில், கல்லால் ஒரு கோபுர வீடு கட்டத் தொடங்கினார். கொஞ்சம் கொஞ்சமாக முப்பதாண்டுக்கும் மேலாகக் கட்டினார். மின்சாரம் வைத்துக்கொள்ளவில்லை. விறகு பிளந்து, தண்ணீர் இறைத்து, தானே சமைத்தார். எம்மா 1955இல் மறைந்தார். கடைசிக் காலத்தில், சாதாரண வாசகருக்குப் புரியும்படி ஒரு புத்தகம் வேண்டும் என்று கேட்டவர்களுக்காக, மனிதனும் அவனுடைய குறியீடுகளும் பற்றி எழுதி முடித்தார். முடித்துச் சில நாட்களில் நோயுற்றார். 1961 ஜூன் 6ஆம் திகதி, ஏரிக்கரையிலுள்ள கூஸ்நாக்ட் வீட்டில், 85ஆவது வயதில் காலமானார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில், மையர்ஸின் வினாக்கொத்து முதன்முதலாக ஒரு பெரிய பரீட்சை நிறுவனத்தின் பெயரோடு அச்சில் வந்தது.